வளர்ற பிள்ளைக்கு ஒரு சைஸ் கூட

1

2004 ஜூன் 7, திங்கட்கிழமை முற்பகல். தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிச் சீருடைக் கடையின் துணி வெட்டும் மேசைமேல் ஏழு வயதுப் பையன் ஒருவன் மல்லாக்கப் படுக்க வைக்கப்பட்டான். அவனுடைய புதுச் சட்டையின் வயிற்றுப் பக்கம் ராகிக் கஞ்சியில் நனைந்திருந்தது.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் அந்த மேசைதான். தங்கை மகளுக்கு யூனிபாரம் எடுக்கப் போயிருந்தேன். பள்ளி திறக்கும் நாள்வரை தள்ளிப்போட்ட பெற்றோர் கூட்டத்தில் நசுங்கி நின்றபடி, மேசையில் நடந்ததை எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்க்காதவர்கள் கதை எழுதுவதில்லை. மீதியை, எடுத்த உடுப்பை மாற்றப் போன சாக்கில், பையனின் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அவர் சொல்லாமல் விட்டதை நானே போட்டு நிரப்பியிருக்கிறேன். பெயர்கள் நான் வைத்தவை: அம்மா தங்கபுஷ்பம். அப்பா, அதாவது கடை முதலாளி, வெள்ளத்துரை. பையன் ஜோபின்.

(நேரில் நான் 'அவர்' என்று பேசிய பெண்மணி, கதைக்குள் கால் வைத்ததும் 'அவள்' ஆகிவிடுவார். கணவர் கடைசிவரை 'அவர்'தான். நான் கண்டுபிடித்த வழக்கமல்ல. மாற்றிப் பார்த்தேன், படிக்கிறவர்களுக்கு வெள்ளத்துரை ஏதோ திருடன் மாதிரித் தெரிகிறாராம்.)

வெள்ளத்துரை உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். இந்த வட்டாரத்தில் ஏழெட்டுப் பள்ளிகளுக்கு உடுப்புப் போடுகிறார். கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். அதை எடுத்து அவர் ஒரு பிள்ளையை அளந்து யாரும் பார்த்ததில்லை. பிள்ளையை ஒரு பார்வை, பெற்றோரை ஒரு பார்வை. "வளர்ற புள்ள. ஒரு சைஸ் கூடவே போட்டுருவோம்." எதிர்த்துப் பேசியவர்கள் கிடையாது. அதைக் கேட்கத்தான் வந்திருப்பார்கள். ஜூன் மாதக் காலைகளில் சாலையோரம் நின்று பாருங்கள். சட்டைகள் தாமாகவே பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருக்கும். உள்ளே பிள்ளை இருப்பதைக் கணுக்காலை வைத்து ஊகிக்க வேண்டும். சட்டை பொருந்துகிற வயது வரும்போது நிறம் போயிருக்கும், காலர் கிழிந்திருக்கும்.

அந்தச் சட்டம் ஒரு பையனின் வயிற்றுக்குள் போன கதை இது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஊளையிட்ட அந்த அந்திப் பொழுதில், விழுங்கத் தெரியாத தன் மகனை மடியில் கிடத்திக்கொண்டு, அந்தத் தாய் —"

அடித்துவிட்டேன். தாய் அந்த நேரத்தில் யாரையும் மடியில் கிடத்தவில்லை, சிரிஞ்சு கழுவிக்கொண்டிருந்தாள். அடுத்தது:

"மனித உடலில் இயற்கை வைத்த வாசல்கள் போக, மருத்துவம் திறந்து வைத்த —"

இதுவும் போயிற்று. பேச்சுப் போட்டி வாடை அடித்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளை எழுதுகிறவர்கள் இரண்டே வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். பெரியவர்களைத் திருத்துவதற்கு, இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் சாவதற்கு. ஜோபினுக்கு இரண்டு வேலையிலும் நாட்டமில்லை. அவனுக்கு லாரிகள்தான் உலகம். ஹாரன் சத்தத்தை வைத்தே டிரெய்லரா டேங்கரா என்று சொல்வான். பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். தப்பாக வராது.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். பிறக்கும்போது மூச்சுத் தாமதித்த பிள்ளை. கைகால்களில் இறுக்கம். தொண்டை ஒழுங்காக விழுங்காது. உள்ளே போனது நுரையீரலுக்குப் போய் இரண்டு முறை நிமோனியா. ஐந்து வயதில் வயிற்றில் சிறு துளை போட்டு, இரைப்பைக்கு நேரே ஒரு குழாய் வைத்தார்கள். உள்ளே போனது போக, வெளியே முழங்கை நீளத்துக்குத் தொங்கும். தங்கபுஷ்பம் அதைச் சுருட்டி அவனுடைய அரைஞாண் கயிற்றில் செருகி வைத்தாள்.*

* கிறிஸ்தவப் பிள்ளைக்கு அரைஞாண் எதற்கு என்று பங்குச் சாமியார் அடிக்கடி கேட்பார். குழாய் வந்த பிறகு கேட்பதில்லை.

ஜோபின் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பது தங்கபுஷ்பத்தின் பிடிவாதம். அவளுக்கு வேறு பிடிவாதங்கள் இருந்ததாகத் தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து லாரி எண்ணினால் போதும் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோதெல்லாம் அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு மறுநாள் இன்னொரு பள்ளிக்குப் போய் நின்றாள். கடைசியில் தாளாளர் பக்தவச்சலத்தின் பள்ளி. அவர் பள்ளிக்கு உடுப்புப் போடுவது வெள்ளத்துரை. முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வழியில்லை.

"சேத்துக்குறேன் சார், தாராளமா. அந்த டியூப் மட்டும்தான்… பசங்க புடிச்சு இழுத்துட்டா நாங்க பொறுப்பாக முடியாது. மத்த பேரண்ட்ஸும் பாப்பாங்க இல்லையா?"

டியூப் இல்லாவிட்டால் பள்ளி உண்டு. தங்கபுஷ்பம் அதை அப்படியே ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னாள்.

3

பட்டன் என்று ஒன்று இருக்கிறது என்றார் டாக்டர். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. தோலோடு தோலாகப் படுத்திருக்கும். காற்றடைக்கும் நீச்சல் வளையத்தில் ஒரு மூடி இருக்குமே, அதே மாதிரி. சாப்பாட்டு வேளையில் மூடியைத் திறந்து இணைப்புக் குழாயை மாட்டிக் கஞ்சி கொடுக்கலாம். முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். சட்டைக்கு வெளியே ஒன்றும் தெரியாது.

அதில் இரண்டு வகை. ஒன்றுக்கு உள்ளே காளான் குடை மாதிரித் தலை. நாளாகத் தாங்கும், ஆனால் மாற்ற வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இன்னொன்றுக்கு உள்ளே தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன்தான் பிடிமானம். சில மாதங்களில் தேய்ந்துவிடும், ஆனால் பழகிக்கொண்டால் வீட்டிலேயே மாற்றலாம்.

"இதுல எது டாக்டர் ரொம்ப நாளு உழைக்கும்?" என்றார் வெள்ளத்துரை.

"எத நானே மாத்திக்கிடலாம்?" என்றாள் தங்கபுஷ்பம்.

கஞ்சி காய்ச்சுவதும் வடிகட்டுவதும் சிரிஞ்சு பிடிப்பதும் அவள் என்பதால் பலூன் வகை முடிவாயிற்று. வெள்ளத்துரை விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்ததை நினைவில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் பையனைப் படுக்கவைத்து ஒருமுறை, உட்காரவைத்து ஒருமுறை, துளைக்குள் அளவுகோல் விட்டுப் பார்த்தார். தோலிலிருந்து இரைப்பை வரைக்கும் எவ்வளவு கனமோ, பட்டனின் தண்டு அவ்வளவு நீளம் இருக்க வேண்டும். ஒன்று புள்ளி ஏழு சென்டிமீட்டர். கேட்டதும் கடையில் எடுத்துக் கொடுக்கிற சாமான் இல்லை அது. தங்கபுஷ்பத்தின் தம்பி அம்புரோஸ், சிங்கப்பூர் போய்வரும் சரக்குக் கப்பலில் சமையல்காரர், அவர்தான் வாங்கி வந்தார்.

பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்தவர் நர்ஸ் கார்குழலி. வியாசர்பாடிக்காரர்.

"இத்த பாருக்கா. தெனம் சோப்புத் தண்ணி போட்டுத் தொடச்சுட்டு, மெதுவா ஒரு சுத்து திருப்பி வுடணும். கஞ்சிக்கு முன்னாடி தண்ணி, கஞ்சிக்குப் பின்னாடி தண்ணி. வுடலைன்னு வெச்சுக்க, உள்ள காஞ்சு அடைச்சுக்கும், அப்பறம் பேஜாரு. வாரத்துக்கு ஒருவாட்டி பலூன் தண்ணிய சிரிஞ்சுல இழுத்து, சரியா கீதான்னு பாரு. ஊசி மருந்து கலக்கச்சொல்ல ஊத்துவாங்களே, அந்தத் தண்ணி. உப்புத் தண்ணி வோணாம். காத்து ஊதறது வோணவே வோணாம்."

"இதுக்குக் கேரண்டி எவ்வளவும்மா?" என்றார் வெள்ளத்துரை.

"அண்ணாச்சி, இது மிக்சி இல்ல."

"சும்மா கேட்டேன்."

"புள்ள வெயிட் போட்டான்னா டைட்டாவும். அப்ப இட்டுகினு வா, திரும்ப அளந்து சொல்லுவாங்க. நீயா ஒண்ண வாங்கியாந்து மாட்டிடாத. இன்னா அண்ணாச்சி, காதுல வுய்ந்துச்சா?"

விழுந்தது. 'டைட்டாவும்' என்ற ஒரு சொல் மட்டும்.

"இன்னொண்ணுக்கா. பட்டன் வெளிய வந்துடுச்சுன்னா அந்த ஓட்டை சும்மா இருக்காது, ரெண்டு மூணு மணி நேரத்துல சுருங்கிடும். அப்பறம் திரும்ப ஆபரேசன்தான். கையில கீற பழசையாவது கழுவி சொருகிட்டு, பிளாஸ்திரி போட்டுகினு ஓடியா. எங்கையாண்ட வர்ற வரைக்கும் கஞ்சி குடுத்துறாத."

(சுத்தம், தண்ணீர், சுற்று என்று போகும் இந்தப் பகுதியைத் தாண்டிப் படிக்கலாம். தாண்டிக் கேட்ட ஒருவரால்தான் கதையே நடக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.)

4

இங்கே ஒரு வாரம் எழுத ஓடவில்லை. வெள்ளத்துரை கோமாளியாகிக்கொண்டு வந்தார். அடுத்து அவர் செய்ததைச் சொன்னால் இன்னும் மோசம். ஏப்ரலில் பட்டனின் பலூன் தளர ஆரம்பித்தது. வாராவாரம் தண்ணீர் குறைந்தது. அடுத்த பட்டனுக்காக அம்புரோஸிடம் போனில் பேசியவர் வெள்ளத்துரை. இரண்டு புள்ளி மூன்று வாங்கு என்றார்.

"என்ன அத்தான், போன வாட்டி ஒண்ணு புள்ளி ஏழுல்லா?"

"அது போன வாட்டி. வளர்ற புள்ளடே. கூடவே கெடக்கட்டும்."

சிரிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். ஆனால் தங்கபுஷ்பம், கடை வாசலில் என் பையைத் திருப்பித் தரும்போது, கேட்காமலே ஒன்று சொன்னார்.

ஜோபினின் முதல் வயதில் ஒரு பெரிய டாக்டர், "ரொம்ப நாளைக்கு எதிர்பார்க்காதீங்க" என்றாராம். அதற்குப் பிறகு வெள்ளத்துரை கடையிலிருந்து அவனுக்குக் கொண்டுவந்த உடுப்பெல்லாம் கச்சிதமான அளவு. தோள் தோளில் நின்றது. கை மணிக்கட்டில் முடிந்தது. தண்டையார்பேட்டையிலேயே சட்டை பொருந்திய பிள்ளை அவன் ஒருவன்தான். "என்னா அம்சமா உடுத்தி வச்சிருக்கா" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வளர இடம் விட்டுக் கொடுக்கிற மனிதர் இவனுக்கு மட்டும் ஏன் விடவில்லை என்பது இரண்டாவது கிறிஸ்துமஸ் சட்டையிலேயே தங்கபுஷ்பத்துக்குப் புரிந்துவிட்டது. அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லித் தொலைத்துவிடுவாரோ என்ற பயம்.

இந்த மே மாதம் முதல் முறையாகப் பெரிய சட்டை வந்தது. தோள்பட்டை முழங்கைப் பக்கம் இறங்கிய சட்டை. அதே வாரம் அம்புரோஸின் கப்பலில் பெரிய பட்டனும் வந்தது.

(இந்த இடத்தில் நெகிழ வேண்டாம். அடுத்த பகுதியில் ஒரு பையனின் வயிற்றுத் தோல் வெந்து கிடக்கிறது. நெகிழ்வதானால் அதற்கு நெகிழுங்கள். நம்பிக்கை நல்ல சாமான்தான். அதையும் அளந்துதான் மாட்ட வேண்டியிருக்கிறது.)

5

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது பழைய பலூன் உடைந்தது. தங்கபுஷ்பம் கை கழுவினாள், பழையதை உருவினாள், புதியதை நுழைத்து பலூனுக்குத் தண்ணீர் ஏற்றினாள். எல்லாம் கார்குழலி சொன்ன வரிசைப்படி. பட்டன் தோலில் படுக்கவில்லை. முக்காலி மாதிரி எழுந்து நின்றது. மூடி விளிம்பில் அச்சிட்டிருந்த எண்ணை அப்போதுதான் பார்த்தாள்.

"இஞ்ச வாங்க. இதுல என்ன போட்டிருக்கு, வாசிங்க."

"ரெண்டு புள்ளி மூணு."

"டாக்டர் என்ன சொன்னாவ?"

"அது அன்னைக்கு உள்ள அளவு."

"இது என்ன டவுசரா, மடிச்சுத் தைக்கதுக்கு?"

"மடிக்க வேண்டாம். அடியில கட்டுப்போடுற காஸ் துணிய நாலா மடிச்சு வையி, மட்டமா இருந்துக்கிடும்."

"அளந்தவுக கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா நீங்க?"

"கூட இருந்தா கொறைச்சுக்கிடலாம் புஷ்பம். கொறைவா இருந்தா என்ன செய்வ?"

இருபது வருடமாகக் கடையில் விலைபோன வாக்கியம். தங்கபுஷ்பம் அதை வாங்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் நீளக் குழாயைத்தான் மறுபடி மாட்டி அனுப்புவார்கள். நீளக் குழாய் என்றால் பள்ளி கிடையாது. துணியை நாலாக மடித்து வைத்தாள். இந்தத் தப்பில் அவளுக்கும் பங்கு உண்டு. அதைத் தங்கபுஷ்பமே என்னிடம் ஒத்துக்கொண்டார் என்பதால் எழுதுகிறேன்.

நீளமான தண்டு துளைக்குள் ஆடிக்கொண்டே இருந்தது. துளை தளர்ந்தது. இரைப்பையின் அமிலம் கசிந்து சுற்றிலும் தோல் வெந்து சிவந்தது. திங்கட்கிழமை ஜோபின் பெரிய சட்டையும் பெரிய பட்டனுமாகப் பள்ளிக்குப் போனான். முதல் இடைவேளைக்குள் கடைக்குப் போன் வந்துவிட்டது.

"சார், பக்தவச்சலம் பேசுறேன். பையன் சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு. பக்கத்துப் பையனோட அம்மா ஒரு மாதிரி… கூட்டிட்டுப் போயிடுங்க. சரியானதும் பாக்கலாம்."

'சரியானதும் பாக்கலாம்' என்பது, முடியாது என்பதன் மரியாதையான வடிவம்.

தங்கபுஷ்பம் பள்ளியிலிருந்து ஆட்டோவில் அவனைக் கடைக்குக் கூட்டி வந்தாள். வாசலில் அவனைத் தூக்கி இறக்கும்போது, புத்தகப் பையின் வார் எழுந்து நின்ற பட்டனில் மாட்டியது. இழுத்த இழுப்பில் பட்டன் பலூனோடு வெளியே வந்து விழுந்தது.

வெட்டும் மேசை. பெற்றோர் கூட்டம். நான்.

"அண்ணாச்சி, முப்பதாம் நம்பர் டவுசர் கேட்டு எம்மாம் நேரமா நிக்கிறேன்…"

"அய்யே! இன்னாமே இது, வயித்துல ஓட்டை?"

"மஞ்சா வெச்சு அமுக்கு தாயி."

"ஒர்ரூவா காயின வெச்சு இறுக்கிக் கட்டு, நின்னுடும்."

வெள்ளத்துரை முக்காலியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். சட்டை எடுக்கும் கொக்கிக் கம்பு இன்னும் கையில் இருந்தது. கீழே கிடந்த பட்டனை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"கழுவிட்டு இதையே மாட்டு. புதுசுல்லா."

"புதுசுதான். அவனுக்கு உள்ளது இல்ல." கைப்பையிலிருந்து பழைய பட்டனை எடுத்தாள். கழுவிச் சுத்தமான துணியில் சுற்றி வைத்திருந்தாள். "நீங்க கம்ப வச்சிட்டு அவன் தோள மட்டும் புடிங்க. வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

அவர் பிடித்துக்கொண்டார். துளை சுருங்குவதற்குள் பட்டன் உள்ளே போக வேண்டும். ஜோபினின் வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. முதல் தடவை நுழையவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மேலே சுற்றி நின்ற முகங்களை அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"எல்… லாரும் பாக்குதாங்க. டிக்… கெட் போடுப்பா."

சிரித்தார்கள். சிரித்த பிறகு இரண்டடி பின்வாங்கினார்கள். நானும்தான். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. "அது என்ன வண்டிலே?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம். "டேங்… கர்" என்று அவன் மூச்சை விட்டான், வயிறு தளர்ந்தது, பட்டன் வழுக்கி உள்ளே போயிற்று.

(லாரி நான் போட்டது. உண்மையில் மூன்றாவது முயற்சியில் ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. உண்மைக்குக் கதை சொல்லத் தெரியாது.)

பிளாஸ்திரி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கார்குழலி வெந்த தோலைப் பார்த்தார், பெரிய பட்டனைப் பார்த்தார், வெள்ளத்துரையைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாச்சி, வயித்துக்கு யூனிபாரம் எடுத்தியா?"

புண்ணுக்கு மருந்து போட்டு, தற்காலிகமாக நீளக் குழாயை மாட்டினார்கள். டாக்டர் மறுபடி அளந்தார். இரண்டு. பழையது இறுக்கியிருக்கும், புதியது ஆடியது. திரும்ப அளந்துகொள்ள வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை.

"பாத்தியா, வளந்துட்டாம்லா" என்றார் வெள்ளத்துரை.

"வளந்துதான் கீறான்" என்றார் கார்குழலி. "நீ ஆர்டர் குடுத்த அளவுக்கு வளரல."

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

வெள்ளத்துரை திருந்துகிறார். மறுநாள் முதல் ஒவ்வொரு பிள்ளையையும் அளந்து உடுப்புக் கொடுக்கிறார். ஒன்றரைப் பக்கம், நன்றாக வந்திருந்தது. பிறகு தங்கை மகளின் உடுப்பை மாற்றப் போனேன். ஒரு சைஸ் குறைத்துக் கேட்டேன். "ஏன் சார், புள்ள வளர வேண்டாமா?" என்றார். ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்தேன்.

இரண்டாவதில் பக்தவச்சலம் வெட்கப்பட்டு வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்கிறார். பள்ளித் தாளாளர் ஒருவரையும் நேரில் பார்த்திராத வாசகர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: "அன்று மாலை ஜோபினுக்குக் காய்ச்சல் —"

இல்லை. அவனை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டேன் என்று இரண்டாம் பகுதியிலேயே சொல்லிவிட்டேன்.

நான் எழுதாத முடிவு ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஆட்டோவில் கணவனும் மனைவியும், நடுவில் மருந்து மயக்கத்தில் தூங்கும் பையன். கச்சிதமான சட்டைகளைப் பற்றித் தனக்கு இத்தனை வருடமாகத் தெரியும் என்று அவள் அன்றைக்காவது அவரிடம் சொன்னாளா? நான் கேட்டேன். "ஒங்களுக்கு அளவு சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க சார்" என்று தங்கபுஷ்பம் உடுப்புப் பையை என் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆகவே அந்த ஆட்டோவை உங்களிடம் விடுகிறேன். யாரையும் அழவிடாமல் எழுதிப் பாருங்கள்.

மற்றது விசாரித்துத் தெரிந்தது. பக்தவச்சலத்தின் பள்ளி ஜோபினின் இடத்தை வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டது. இரண்டு சென்டிமீட்டர் பட்டன் ஆகஸ்டில் வந்தது. டாக்டர் பார்த்து மாட்டினார். இரண்டு தெரு தள்ளி ஒரு மாநகராட்சித் தொடக்கப்பள்ளி. தலைமையாசிரியை ஆவுடையம்மாள், மத்தியானம் யார் வந்து ஊட்டுவீர்கள் என்று மட்டும் கேட்டார். நான் வருவேன் என்றாள் தங்கபுஷ்பம். ஆகஸ்ட் 23, திங்கட்கிழமை, ஜோபின் முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டான். மதியம் அவனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். பிற்பகல் கணக்குப் பாடம் நடந்தது. ஜோபின் வகுப்பில் இருந்தான்.